காரமில்லாத இரண்டு வருஷம்

பிஸ்கட் கம்பெனியின் பஸ்ஸை ஓட்டுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ஓட்டுநர் உரிமத்தில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவள் ஹாரன் அக்கா. பெயர் சும்மா வரவில்லை. ஏறுகிற ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஹாரன் வைத்திருந்தாள். பாக்கிங் அம்மாவுக்கு ஒரு நீளம். மாவு பிசையும் மிஷினைப் பார்த்துக்கொள்கிறவளுக்கு இரண்டு குட்டை. தினமும் ஒரு கையில் சீப்பும் ஒரு கையில் செருப்புமாக ஓடி வருகிற ஒருத்திக்கு ‘லேட்டு’ என்றே பெயர். அவளுக்கு மட்டும், பஸ்ஸில் ஏறி உட்காரும்வரை ஓயாத ஒரே ஹாரன். தெருவில் தூங்குகிறவர்கள் சபிப்பார்கள். அக்கா கண்ணாடியை இறக்கி, “வேலைக்குப் போறவங்களை எழுப்பறேன், உங்களை யாரு எழுந்திருக்கச் சொன்னா?” என்பாள்.

கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும். காரமும் அப்படித்தான். சோற்றுக்குப் பச்சை மிளகாயைக் கடித்துக்கொள்வாள். மிளகாய்ப்பொடி டப்பா ஒன்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மதியம் கம்பெனி கேன்டீனில் என்ன போட்டாலும் அதன்மேல் இரண்டு சிட்டிகை விழும்.

அப்படிப்பட்டவள் இரண்டு வருஷமாகக் காரம் தொடவில்லை. காரணம், அவளுடைய அண்ணன் அல்சரில் செத்துப் போனார்.

அண்ணன் கணக்கு வாத்தியார். மூன்று பிள்ளைகளில் மூத்தவர். நடுவில் இவள். கடைசியில் தம்பி, இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். பஸ் போகிற வழியில்தான் அண்ணன் வீடு. தினமும் காலையில் அவருக்கும் ஒரு ஹாரன் அடிப்பாள்: ஒரு நீளம், இரண்டு குட்டை. அவர் பல் துலக்கிக்கொண்டே கேட்டுக்கு வந்து பிரஷ்ஷைத் தூக்கிக் காட்டுவார். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. அவர் போன பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது அவள் கை ஹாரன் பக்கம் போகாது.

“வேளாவேளைக்குச் சாப்பிடாம, காரமும் காபியுமா உள்ள தள்ளி, அல்சரை வரவழைச்சுக்கிட்டாரு. உங்க குடும்பத்துக்கே அந்த வயிறு. பார்த்து இருந்துக்க” என்று அண்ணி சொன்னதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள். மிளகாய்ப்பொடி டப்பா குப்பைக்குப் போனது. வீட்டில் குழம்பு வெளுத்தது. கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டுகிற அவள் கணவர் வாய் செத்த மனுஷர், ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருகிற தம்பியும் அந்த வெளுத்த சோற்றைக் குனிந்த தலை நிமிராமல் தின்றுவிட்டுப் போவான். “பழகிடுச்சாடா?” என்று கேட்டால், “ம்” என்பான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க வேண்டுமென்றால் அவனுடைய வெல்டிங் மிஷினைத்தான் கொண்டுவர வேண்டும்.

கம்பெனியில் வருஷத்துக்கு ஒரு தடவை டிரைவர்களுக்கு உடம்பு பார்ப்பார்கள். கண், காது, ரத்த அழுத்தம். “கோபத்தைக் குறைங்க” என்று ஒரு அறிவுரை. இந்த முறை டாக்டரம்மா புதிது. அறிவுரையோடு விடவில்லை.

“உங்க வயசுக்குக் குடலையும் ஒரு தடவை உள்ள பார்த்துடறது நல்லதும்மா. கொலனோஸ்கோபின்னு பேரு. பின்பக்கமா சின்ன கேமரா வெச்ச டியூப் விட்டுப் பார்ப்பாங்க. புற்றுநோய் இருக்கா, வர்ற மாதிரி ஏதாவது இருக்கான்னு தெரிஞ்சிடும்.”

“எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்லாதப்பதான் பார்க்கணும். வீட்ல யாருக்காவது குடல்ல பிரச்சினை இருந்திருக்கா?”

“அண்ணனுக்கு அல்சர். அதுலதான் போயிட்டாரு. அம்பத்திரெண்டு வயசு.”

“ஆபரேஷன் பண்ணாங்களா?”

“பண்ணாங்க. அப்புறம் வயித்துல ஒரு பை வெச்சிருந்தாங்க. மருந்துப் பை. சட்டைக்குள்ள இருக்கும்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “மருந்து அந்தப் பையிலேருந்து உள்ள போச்சா, உள்ளேருந்து பைக்கு வந்துச்சா?”

ஹாரன் அக்கா யோசித்துப் பார்த்தாள். அந்தப் பையை அவள் பார்த்ததே இல்லை. யாரும் காட்டவில்லை. மருந்துப் பை என்றார்கள், மருந்துப் பை என்று நம்பினாள்.

“நான் பார்க்காத பேஷண்டைப் பத்தி நான் அடிச்சுச் சொல்லக் கூடாது” என்றார் டாக்டரம்மா. “ஆனா அல்சருக்கு வயித்துல அப்படிப் பை வைக்கறது வழக்கமில்லம்மா. வீட்ல கேளுங்க. கட்டாயமா கேளுங்க. உங்களுக்கு அது தெரியணும்.”

அன்று சாயங்கால டிரிப்பில் பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. ஹாரன் அடிக்காத அக்காவைப் பார்த்துப் பெண்கள் பயந்துபோய்ப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவள் மனசில் அண்ணனின் சட்டைதான் ஓடிக்கொண்டிருந்தது. சட்டையை பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போடாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராத மனுஷர், கடைசி வருஷம் மட்டும் இரண்டு பேர் நுழையக்கூடிய தொளதொள சட்டையில் திரிந்தார். “என்னண்ணே, கூடாரம் அடிச்சிருக்க?” என்று இவளும் கேட்டாள். அவரும் சிரித்தார்.

எல்லாரையும் இறக்கிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் அண்ணி ஜெராக்ஸ் கடை நடத்துகிறாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் நின்றிருந்தார்.

“அண்ணி, அண்ணனுக்கு என்ன நோய்?”

“என்னம்மா திடீர்னு? அல்சர்தான்.”

“அல்சருக்குப் பை வைக்க மாட்டாங்களாமே.”

அண்ணியின் முகம் வெளிறியது. வாடிக்கையாளர், “ரெண்டு பக்கமும் வேணும்” என்றார். “கடை மூடியாச்சு, நாளைக்கு வாங்க” என்று ஹாரன் அக்கா அவருக்குப் பதில் சொன்ன குரலில் மனுஷர் மிச்சப் பேப்பரைக்கூட எடுக்காமல் ஓடினார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள், சோறு தீர்ந்த பிறகு என்ன செய்வார்கள்? அழுவார்கள். அண்ணியும் அழுதாள். அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றாக வந்தது. பெருங்குடலில் புற்றுநோய். வயிற்றில் இருந்தது மருந்துப் பை இல்லை, மலம் சேருகிற பை. ஒன்றரை வருஷமாக ரத்தம் போயிருக்கிறது. மனுஷர் யாரிடமும் சொல்லவில்லை. போன பிறகும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

“அந்த இடத்துல வந்த நோய்னு வெளிய தெரிஞ்சா, ஸ்கூல்ல பசங்க சிரிப்பாங்கன்னாரு. நம்ம பொண்ணுக்கு வேற வரன் பார்க்கற வயசு. பரம்பரை நோய்னு பேர் வந்துட்டா எவன் கட்டுவான்? நீயே சொல்லு.”

“பரம்பரைன்னு டாக்டர் சொன்னாரா?”

அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அண்ணி, எங்களுக்கெல்லாம் பார்க்கணும்னு சொன்னாரா, சொல்லலையா?”

“சொன்னாரு. கூடப் பொறந்தவங்க நாப்பது வயசுலேயே டெஸ்ட் பண்ணிக்கணும்னாரு. உன் தம்பியும் பக்கத்துலதான் நின்னாரு.”

இதைக் கேட்டதும் ஹாரன் அக்கா அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணி மறைத்தது ஒரு பங்கு. தம்பி! அம்மா வேலைக்குப் போன நாட்களில் இவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இரண்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எதிரில் உட்கார்ந்து அந்த வெளுத்த குழம்பைத் தின்றவன். அல்சருக்குப் பயந்து அக்கா நாக்கைச் சாகடித்துக்கொண்டிருக்கிறாள், நோய் அதுவல்ல என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே “ம்” என்று தின்றிருக்கிறான்.

“சரி, நான் காரத்தை விட்டப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா அண்ணி?”

“அது உடம்புக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன்மா” என்றாள் அண்ணி.

ஹாரன் அக்கா ஜெராக்ஸ் மிஷினை ஓங்கி ஒரு குத்து விட்டாள். அது பாவம், இரண்டு வெள்ளைத் தாளைத் துப்பியது.

தம்பியின் பட்டறை பூட்டியிருந்தது. போனை எடுக்கவில்லை. அண்ணி முந்திக்கொண்டு தகவல் சொல்லியிருப்பாள். அக்கா வருகிறாள் என்று தெரிந்தால் அவன் ஒரு வாரம்கூட எங்கேயாவது கேட் மாட்டிக்கொண்டிருப்பான். கல்லுளிமங்கன்.

டெஸ்டுக்கு நாள் குறித்தாயிற்று. முதல் நாள் விதை, தோல், கீரை, காய்கறி எதுவும் கூடாது. வெள்ளைச் சோறும் வடிகட்டின ரசமும் அவித்த முட்டையும் மட்டும். டெஸ்ட் அன்று காலையில் ஒரு பெரிய ஜாடி மருந்துத் தண்ணீர். கணவர் பொடியைக் கொட்டி, லென்ஸ் துடைக்கிற அதே பொறுமையோடு கலக்கினார். முதல் டம்ளரை வாயில் வைத்ததும் அக்காவுக்கு உடம்பு சிலிர்த்தது. எலுமிச்சை வாசனை போட்டிருக்கிறார்களாம். கடல் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து யார் குடிப்பார்கள்?

“நல்லா இருக்கான்னு கேட்டீங்க, ஜாடி தலையில உடையும்.”

“நான் ஒண்ணுமே கேட்கலையே” என்றார் அவர். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்து வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அவள் ஒரு டம்ளர் குடித்தால் தானும் ஒரு டம்ளர் குடித்தார். துணைக்காம். இவளுக்கு உள்ளே போனது வெளியே வர ஆரம்பித்ததும் வீட்டில் இருந்த ஒரே பாத்ரூமுக்கு இரண்டு பேரும் போட்டி போட்டார்கள். அதில் ஒரு தடவை அவர் முந்திக்கொண்டதை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

கதவுக்கு உள்ளே இருக்கும்போதுதான் போன் அடித்தது. முதலில் லேட்டு. “அக்கா, புது டிரைவர் எல்லாருக்கும் ஒரே ஹாரன் அடிக்கறான். யாரைக் கூப்பிடறான்னே தெரியாம மூணு பேர் பஸ்ஸை விட்டுட்டோம்!” இரண்டாவது, தம்பி.

“அக்கா… கோவமா?”

“கோவமா? டேய், நான் எங்க உட்கார்ந்து பேசறேன்னு தெரியுமா உனக்கு? உங்கண்ணன் உட்கார்ந்து ரத்தம் போனதைப் பார்த்துட்டு, தண்ணி ஊத்திட்டு வெளிய வந்து சிரிச்சானே, அந்த மாதிரி இடத்துல உட்கார்ந்து பேசறேன். எனக்கு ரத்தமில்ல, தண்ணிதான் போகுது. உனக்கு ஏன்டா ரெண்டு வருஷமா வாய் வரல?”

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சும்மா இருந்தாலும் அவன் மூச்சு அவளுக்குத் தெரியும். இது வேறு மூச்சு.

“டேய். உனக்குப் போகுதா?”

“என்னது?”

“ரத்தம்.”

“அது சூடுக்கா. நாள் பூரா நெருப்புகிட்ட நிக்கறேன்ல. வெல்டிங் சூடு உடம்புல இறங்கிடுது. மோர் குடிச்சா நின்னுடும். எங்க தொழில்ல எல்லாருக்கும் வர்றதுதான்.”

“எத்தனை நாளா?”

வைத்துவிட்டான். ஹாரன் அக்கா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். கணவர் வெளியே நின்று மெதுவாகச் சொன்னார்: “இன்னும் ரெண்டு டம்ளர்தான் இருக்கு.”

ஆஸ்பத்திரியில் பின்பக்கம் திறந்த ஒரு அங்கியைக் கொடுத்தார்கள். இதைத் தைத்தவன் கையில் கிடைத்தால் தெரியும் சேதி என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டுக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். குடல் டாக்டர் தலை நரைத்த ஆள். அவரைப் பார்த்து, “பார்த்து ஓட்டுங்க சார், உள்ள வளைவு ஜாஸ்தி இருக்கும்” என்றாள். அவர், “இருபது வருஷ சர்வீஸும்மா, ஒரு ஆக்சிடென்ட் கிடையாது” என்றார். கையில் ஊசி ஏறியது. அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்தாள்; கண்ணைத் திறந்தபோது வேறு அறையில் இருந்தாள், கணவர் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்திருந்தது.

“ரெண்டு சின்ன வளர்ச்சி இருந்துச்சு” என்றார் டாக்டர். “ஒண்ணு மொச்சைக்கொட்டை அளவு. பாலிப்னு சொல்லுவோம். கம்பி வளையம் போட்டு அங்கேயே எடுத்தாச்சு. டெஸ்டுக்கு அனுப்பறோம், எனக்கு அது புற்றுநோயாத் தெரியல. ஆனா விட்டிருந்தா சில வருஷத்துல ஆகியிருக்கலாம். மூணு வருஷம் கழிச்சு மறுபடி வந்துடுங்க.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

நல்ல சேதி கேட்டால் மனுஷிக்கு மனசு குளிர வேண்டும். இவள் முகத்தில் அப்போதுதான் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒரு ஜாடி தண்ணீர், ஒரு தூக்கம். வலிகூட இல்லை. இதற்குப் பயந்தா அண்ணன் செத்தார்? பசங்க சிரிப்பார்கள் என்று செத்தாரா? செத்த வீட்டில் அந்தப் பசங்கள் வரிசையில் நின்று ஏங்கி ஏங்கி அழுததை இவள் பார்த்தாள். ஒருத்தன்கூடச் சிரிக்கவில்லை. வரும் வழியெல்லாம் செத்தவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் கணவரைக் கடைக்கு அனுப்பி மிளகாய்ப்பொடி வாங்கிவரச் சொல்லி, இன்று வேண்டாம், வயிறு புண்ணாக இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால், டப்பாவைத் திறந்து மோந்து மட்டும் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. காரத்தில் வந்ததாகச் சொன்னாள்.

தம்பிக்கும் நாள் வாங்கினாள். முதல் தடவை, பெரிய ஆர்டர் என்றான். இரண்டாம் தடவை, கையில் நெருப்பு பட்டுவிட்டது என்றான். கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் “ம்” என்றான். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இந்தக் குடும்பத்தில் ஆண் பூனைகள் கண்ணைத் திறந்ததே இல்லை.

மூன்றாம் தடவை அவள் அவனிடம் சொல்லாமலே நாள் வாங்கினாள். திங்கட்கிழமை மதியம். ஆஸ்பத்திரிக்கு டிமிக்கி கொடுக்கிறவன் ஞாயிற்றுக்கிழமைச் சோற்றுக்கு டிமிக்கி கொடுக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். வந்தான். வெள்ளைச் சோறு, வடிகட்டின ரசம், ஒரு அவித்த முட்டை. ராத்திரிக்கும் அதையே தூக்கில் கட்டிக் கொடுத்தாள். அக்கா இன்னும் கோபத்தில் பரிமாறுகிறாள் என்று நினைத்திருப்பான். இரண்டு வருஷம் உப்புச் சப்பில்லாமல் தின்று பழகிய நாக்கு. காய் எங்கே என்றுகூட அது கேட்கவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ் வழக்கமான வழியில் போகவில்லை. நேராகப் போக வேண்டிய இடத்தில் வளைந்து, ஒரு லாரியே சிரமப்பட்டு நுழைகிற சந்துக்குள் பாதி நுழைந்து, பட்டறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. லேட்டு, “அக்கா, கம்பெனி இந்தப் பக்கமாவா மாறிடுச்சு?” என்று கேட்டாள். அக்கா ஹாரனில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். எடுக்கவில்லை.

சந்தில் ஜன்னல்கள் திறந்தன. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்தார்கள். கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு தம்பி வெளியே ஓடி வந்தான்.

“அக்கா, என்ன பண்ற? ஊரே பார்க்குது!”

“பார்க்கட்டும்.” ஹாரனை விட்டாள். அந்த அமைதியில் அவள் குரல் ஹாரனைவிடப் பெரிதாக இருந்தது. “எல்லாரும் கேட்டுக்கங்க. எங்கண்ணன் குடல்ல புற்றுநோய் வந்து செத்தாரு. அல்சர் இல்ல. ஒண்ணரை வருஷம் ரத்தம் போனதை மறைச்சு மறைச்சே செத்தாரு. இதோ நிக்கறானே என் தம்பி, இவனுக்கும் ரத்தம் போகுது. கேட்டா வெல்டிங் சூடாம், மோர் குடிக்கறானாம். டெஸ்ட் பண்ணிக்க வெட்கமாம். நான் பண்ணிக்கிட்டேன். எனக்கு ரெண்டு எடுத்துப் போட்டாங்க. இன்னைக்கு மதியம் இவனுக்கு. வீட்ல உங்க மாமா மருந்து கலக்கி வெச்சிருக்காருடா. ஏறு.”

“நேத்துலேருந்து பத்தியம் இருக்கணும்ல? சாப்பிட்டிருக்கேன்” என்றான் அவன், தப்பித்த குரலில். அப்படியென்றால் விதிமுறை எல்லாம் விசாரித்து வைத்திருக்கிறான். விசாரித்துவிட்டுத்தான் ஒளிந்திருக்கிறான்.

“நேத்து நீ தின்னது என்ன சோறுன்னு நெனச்ச?”

அவன் யோசித்தான். வெள்ளைச் சோறு, வடிகட்டின ரசம். முகம் மாறியது.

பாக்கிங் அம்மா ஜன்னலில் தலையை நீட்டினாள். “தம்பி, என் வீட்டுக்காரரும் சூடுன்னுதான் சொல்லிட்டு இருந்தாரு. இப்ப அவரு இல்ல. ஏறுப்பா.”

டீக்கடைக்காரர், “பட்டறையை நான் பூட்டிக்கறேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டார். அவன் ஏறினான். கறுப்புக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தான். அன்று கம்பெனிக்கு எல்லாரும் தாமதம். “வாழ்க்கையில முதல் தடவையா நான் மட்டும் லேட் இல்ல” என்று லேட்டு சொன்னாள், யாரும் சிரிக்கவில்லை.

மதியம் நரைத்த தலை டாக்டர் வெளியே வந்தபோதே அவர் நடையில் தெரிந்துவிட்டது. வளர்ச்சி இல்லை இது. கட்டி. அங்கேயே எடுக்க முடியாது, வயிற்றைத் திறக்க வேண்டும்.

“கை மீறிப் போகலம்மா. மத்த இடத்துக்குப் பரவின மாதிரியும் தெரியல. ஆனா ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா, உங்களுக்கு எடுத்த மாதிரி நானே எடுத்துப் போட்டிருப்பேன்.”

இரண்டு வருஷம். அந்த வார்த்தையை அவள் வாய்க்குள்ளேயே மென்றாள். அதில்தான் எத்தனை காரம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில மாதத்துக்கு வயிற்றில் ஒரு பை இருக்கும், அப்புறம் எடுத்துவிடலாம் என்றார்கள். மயக்கம் தெளிந்த தம்பி முதலில் செய்த காரியம், போர்வையை அந்தப் பைக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டது. அக்கா பார்த்தாள். போர்வையை இடுப்புவரை கீழே இறக்கினாள். அவன் மறுபடி இழுத்தான். அவள் மறுபடி இறக்கினாள். இரண்டு நாள் இது நடந்தது.

மூன்றாம் நாள் அண்ணி மகளோடு வந்தாள். கையில் ஒரு துணிப் பை. அதை மெல்லக் கட்டிலில் வைத்து, அண்ணனின் அந்தத் தொளதொள சட்டைகளை எடுத்தாள். துவைத்து இஸ்திரி போட்டிருந்தாள்.

“வீட்டுக்குப் போனதும் இதைப் போட்டுக்கங்க தம்பி. வெளிய தெரியாது.”

அண்ணியிடம் கெட்ட எண்ணம் இல்லை. பாசத்தோடுதான் மடித்திருந்தாள். அதுதான் ஹாரன் அக்காவுக்குத் தாங்க முடியவில்லை. வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் அண்ணன் மகள் டிபன் கேரியரைத் திறந்து சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பனின் முகம் அப்படியே, அதே நெற்றி.

“சித்தப்பா, கஞ்சி கொண்டு வந்திருக்கேன். இனிமே வேளாவேளைக்குச் சாப்பிடணும். காரம் தொடக் கூடாது. அப்பா பண்ண மாதிரி அல்சரோட விளையாடாதீங்க. நானும் அத்தையைப் பார்த்துக் காரத்தை விட்டுட்டேன்.”

அண்ணி சட்டையின் பட்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளிடம் சித்தப்பாவுக்கும் அல்சர் என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறாள். இத்தனைக்குப் பிறகும்! ஹாரன் அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆனால் பேசியது அவள் இல்லை.

“கண்ணு, அந்தக் கஞ்சியைக் கீழ வை” என்றான் தம்பி. போர்வையை அவனே கீழே தள்ளினான். “இதைப் பாரு. எனக்கு அல்சர் இல்ல. குடல்ல புற்றுநோய். உங்கப்பாவுக்கும் அதேதான். எனக்குத் தெரியும், உங்கம்மாவுக்குத் தெரியும். அத்தைக்கும் உனக்கும் சொல்லல. உனக்கும் ஒரு வயசுல டாக்டர் பார்க்கணும். எப்பன்னு அவர்கிட்ட நீயே கேளு.”

அவன் வாயிலிருந்து ஒரே மூச்சில் இவ்வளவு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. பெண் பையைப் பார்த்தாள். சட்டைகளைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அப்பாவோட மருந்துப் பை?”

அண்ணி ஆமாம் என்று தலையை ஆட்டினாள். “உனக்கு வரன் அமையணுமேன்னுதான்டி, எவன் கட்டுவான்னு…” என்றாள்.

அந்தப் பெண் கத்த ஆரம்பித்தாள். ஏன் சொல்லவில்லை, என்னைக் கேட்டா மறைத்தீர்கள், எந்த வரன், எவன் கட்டுவான் என்று என் அப்பாவை ரகசியமாகச் சாகவிட்டீர்கள் என்று. கஞ்சி தரையில் கொட்டியது. சட்டைகள் நாலா பக்கமும் பறந்தன. வராந்தாவில் போகிறவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அண்ணி, “மெதுவா பேசுடி, வெளிய கேட்குது” என்று அவள் கையைப் பிடித்தாள். அதற்கு அவள் இன்னும் சத்தமாகக் கத்தினாள். நர்ஸ் ஓடி வந்தார்.

“என்ன இது? பேஷண்ட்ஸ் இருக்காங்க, சத்தம் போடாதீங்க!”

ஹாரன் அக்கா நர்ஸின் முன்னால் போய் நின்றுகொண்டாள்.

“கத்தட்டும் சிஸ்டர். இந்தக் குடும்பத்துல ஒருத்தரும் கத்த வேண்டிய நேரத்துல கத்தினதில்ல. இவளாவது கத்தட்டும்.”

நர்ஸ் அவளைப் பார்த்தார், கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுப் போனார்.